கெடா துளுக்கினால் போதுமா?

அக்கா கட்டிக்கொள்ள நினைத்த பையனிடம் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் கிடைக்கவில்லை, ஒன்றைத் தவிர. அவர் சாமி கும்பிட மாட்டார்.

சேலத்தில் அக்கா வேலை பார்க்கும் ஆபீஸில்தான் அவரும். ஆட்டையாம்பட்டிப் பக்கம் வீடு, வீட்டோடு நாலு தறி. அவருடைய அப்பா அம்மா இரண்டு பேரும் வெள்ளி, செவ்வாய் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் வாசலில் நின்று எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொள்கிற ஆள். பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு அப்பா விபூதித் தட்டை நீட்டினார். இவர் கையைக் குவித்து, "பரவால்லீங்க மாமா, எனக்கு வேண்டாமுங்க" என்றார்.

"ஏனுங் தம்பி, ஒடம்புக்கு ஏதாச்சும் சொகமில்லீங்களா?" அப்பா நிஜமாகவே பதறிவிட்டார்.

"ஒடம்பெல்லாம் நல்லா இருக்குதுங்க. நம்பிக்கதான் இல்லீங்க."

அப்பா தட்டை நீட்டியபடியே நின்றார். பாவம் பார்த்து நான் ஒரு சிட்டிகை எடுத்துப் பூசிக்கொண்டேன். எனக்கும் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் என்னை அப்போது பொண்ணு கேட்டு யாரும் வரவில்லை, அதனால் யாரும் விசாரிக்கவில்லை.

அப்பா அதன் பிறகு சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அக்கா தினமும் அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அம்மா தன் பங்குக்குப் பங்காளி வீடுகளில் எல்லாம், "பையன் வருசந் தவறாம பழனிக்கு நடந்தே போறவன்" என்று சொல்லி வைத்தாள். அது எனக்கும் அக்காவுக்கும் அப்போது தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே கிளம்பி வந்தார், பேசி முடித்துவிடலாம் என்று. (அக்காவைக் கட்டுவதற்கு முன்பே நான் அவரை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.) அப்பா காபியை ஆற்றிக்கொண்டே எங்கள் குலசாமி கதையை எடுத்தார்.

எங்கள் குலசாமி மனிதராகப் பிறந்தவர். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இந்தக் காட்டில் ஆடு மேய்த்தவர். மழையில்லாத ஒரு வருஷம், ஊர்க் கிணற்றைத் தூர் வார யாரும் இறங்காதபோது தனியாக இறங்கினார். ஏறி வரவே இல்லை. மறுநாள் விடிந்து பார்த்தால் கிணறு நிறையத் தண்ணீர். ஆள் மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் கிணற்றடியில்தான் கோயில்.

மச்சான் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார். பிறகு, "ஊத்துக்கண்ணு தொறந்திருக்குமுங்க மாமா. பாவம், அவரு உள்ளயே சிக்கியிருப்பாரு" என்றார்.

"ஆளு கெடைக்கலயே தம்பி."

"யாருங்க தேடுனது?"

நான் சிரித்துவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

"நல்ல மனுசன்ங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல," என்றார் மச்சான். "ஊருக்கோசரம் கெணத்துல எறங்குனவரு. ஆனா சாமின்னு எத வச்சுச் சொல்றீங்க?"

அப்பா, இதென்ன கேள்வி என்கிற மாதிரி பார்த்தார். "அவரு முன்னால கெடா துளுக்குதே!"

துளுக்குவது என்றால் உடம்பை ஒரு உதறு உதறிச் சிலிர்ப்பது. எங்கள் பக்கம் கெடா வெட்டுவதற்கு முன்னால் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வேண்டியதைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். கெடா துளுக்கினால் சாமி சம்மதித்துவிட்டது. துளுக்காதவரை கத்தியைத் தொட மாட்டார்கள்.

"காதுல தண்ணி போனா எந்த ஆடா இருந்தாலும் ஒதறும்ப்பா" என்றேன். எனக்குக் கால்நடை மருத்துவத்தில் கடைசி வருஷம். வாய் சும்மா இருக்காது.

"நீ சும்மா இரு பாப்பா. உங்க காலேஜ் ஆடு வேற." அப்பா மச்சான் பக்கம் திரும்பினார். "செரி தம்பி, நானே கேக்கறேன். என்ன நடந்தா நீ நம்புவே? அத மொதல்ல சொல்லு. நான் எதக் காட்டுனாலும் நீ அதுக்கொரு காரணஞ் சொல்லீட்டே இருந்தீன்னா, நான் எங்க போயி முட்டிக்கறது?"

மச்சான் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்து, மறுபடி எடுத்துக் காலி டம்ளரைக் குடித்தார். "இப்பிடி யாரும் என்னயக் கேட்டதே இல்லீங்க மாமா. ஞாயமான கேள்விதான். எழுதியே தாரேன்."

என் நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் எழுதினார்: தண்ணீரை முதுகில் மட்டும்தான் ஊற்ற வேண்டும், தலையில் கூடாது. ஊற்றியதும் யாரும் தொடாமல் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். சாமிக்கு நேராத இன்னொரு கெடா மேலும் அதே மாதிரி ஊற்றிப் பார்க்க வேண்டும். அது சும்மா நின்று, சாமிக்கு நேர்ந்தது மட்டும் துளுக்கினால், நான் விழுந்து கும்பிடுகிறேன்.

இரண்டாவது கெடா யோசனை என்னுடையது. பக்கத்தில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தேன்.

அப்பா கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இது உன்ற கேள்வி. எனக்கு வேற கேள்வி இருக்குது. சாமி கும்புடாத இந்தத் தம்பிக்கு என்ற புள்ளயக் குடுக்கலாமா, வேண்டாமா? அதத்தான் நான் அங்க கேப்பேன். கெடா துளுக்குனா இந்த ஆவணியிலயே கல்யாணம். துளுக்கலீன்னா இத்தோட விட்டுரலாம். என்னங் தம்பி?"

மச்சான் சமையலறை வாசலைப் பார்த்தார். அங்கே அக்கா நின்றாள். வேறு வழியில்லாமல், "செரிங்க மாமா" என்றார்.

அவர் போனதும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஆட்டு மேல தண்ணி ஊத்துறது உனக்குப் பரீட்சடி. எனக்கு?"

"ஆடு கண்டிப்பா ஒதறும்க்கா. சயின்ஸ்."

"ஒதறலீன்னா?"

"ஒதறும்."

இப்படி வாயை விட்டவள்தான் அந்தக் காலையில் அந்த வேலையைச் செய்தேன்.

கோயிலுக்குக் கெடா ஓட்டிப்போகிற நாள். அப்பா வாங்கி வந்த கெடா கறுப்பு வெள்ளாடு, நல்ல சாது. இரண்டாவது கெடாவுக்குப் பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் போனேன். அந்த அக்கா மேச்சேரி ஆடு வளர்க்கிறவர். செம்மறியில் அது ஒரு சாதி, பழுப்பு நிறம், உடம்பில் கம்பளி இருக்காது. அவருடைய பட்டிக்கே இனப்பெருக்கத்துக்கு இருந்த பொலிகெடா ஒன்றுதான். அதைக் கேட்டேன்.

"எதுக்கு அம்முணி?" என்று கேட்டார்.

"சும்மா பக்கத்துல நிக்கறதுக்குங்க."

"நின்னுட்டுத் திரும்பி வந்துருமில்ல?"

"வந்துருமுங்க."

கெடாவைக் கட்டி வைத்த பிறகு எனக்கு ஒரு யோசனை ஓடியது. பூசாரி பழக்க தோஷத்தில் தலையிலேயே ஊற்றிவிடுவார். காதில் தண்ணீர் போனால் எங்கள் சோதனையே கெட்டுவிடும். அதனால் மருந்துப் பஞ்சை உருட்டி, கறுப்புக் கெடாவின் இரண்டு காதிலும் வெளியே தெரியாத மாதிரி வைத்தேன். மேச்சேரிக் கெடாவுக்கும் வைக்கத்தான் போனேன். அது தலையைக் குனிந்து என் முழங்காலுக்கு ஒரு முட்டு கொடுத்தது. விட்டுவிட்டேன். இரண்டுக்கும் ஒரே மாதிரி செய்யாவிட்டால் அது சோதனையே இல்லை என்று எங்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முழங்கால் வலித்ததில் அது மறந்துபோனது. பஞ்சு வைத்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. மச்சானிடம்கூட.

கோயிலில் பங்காளிகள் முப்பது பேர் இருக்கும். பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. பூசாரி சாமிக்கு மாலை கட்டிக்கொண்டிருக்கும்போதே, முதலில் சாமிக்கு நேராத கெடாவைப் பார்த்துவிடலாம் என்று நானும் மச்சானும் மேச்சேரிக் கெடாவை வேம்படிக்கு ஓட்டிப்போனோம். பின்னாலேயே அப்பா வந்தார்.

"இதுக்குப் பச்சத் தண்ணி ஊத்து பாப்பா."

"அதெல்லாம் கூடாதுப்பா. அதே சொம்பு, அதே மஞ்சத் தண்ணி. அப்பத்தான் ஒத்துப் பாக்க முடியும்."

அப்பா ஏதோ சொல்ல வந்து, பிறகு விட்டுவிட்டார். மச்சான் முதுகில் ஊற்றினார். நாங்கள் பத்தடி பின்னால் போவதற்குள், கெடா மூக்கிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது. மச்சான் சட்டையெல்லாம் மஞ்சள் புள்ளி.

எனக்கும் மச்சானுக்கும் ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா மாமா? இதுகிட்ட யாரும் எதுவும் கேக்கல, சும்மாவே..." என்று அவர் ஆரம்பித்ததுதான் தாமதம். பொங்கலுக்கு விறகு எடுக்க வந்த பெரியப்பா எங்கள் பின்னால் நின்று, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"துளுக்கு குடுத்திருச்சுடோய்!"

யாரோ மணியை அடித்தார்கள். பூசாரி மாலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, கெடா முதுகைத் தொட்டுப் பார்த்தார். மஞ்சள் ஈரம். "சாமி இதக் கேட்டிருச்சு" என்றார்.

"ஐயோ, இல்லீங்க, இது சும்மா ஒத்துப் பாக்கறதுக்கு வந்த கெடாங்க" என்றேன்.

"மஞ்சத் தண்ணி ஊத்துனது யாரு?"

"நாங்கதாங்க."

"துளுக்குச்சா இல்லியா?"

"துளுக்குச்சுங்க."

"அப்பறம் என்ன?"

மஞ்சள் தண்ணீர் ஊற்றி, ஆடும் துளுக்கிவிட்டால் அது சாமிக்கு ஆகிவிட்டது. எதற்கு ஊற்றினாய் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. இதைத்தான் அப்பா சொல்ல வந்திருப்பார்.

அடுத்து கறுப்புக் கெடா. பூசாரி, அப்பா கேட்டுக்கொண்டபடி முதுகில் மட்டும் ஊற்றினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில், "சாமி, இந்தத் தம்பிக்குக் குடுக்கலாமா?" என்று கேட்டார்.

கெடா அசையவில்லை. வேப்பந்தழையை மென்றுகொண்டு நின்றது.

இரண்டாம் சொம்பு. மூன்றாம் சொம்பு. வெயில் ஏற ஆரம்பித்தது. பூசாரி ஒப்பந்தத்தை எல்லாம் மறந்து, தலையோடு சேர்த்து ஒரு குடத்தையே கவிழ்த்தார். தண்ணீர் காதோரமாக வழிந்து கீழே போனது. கெடா கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தது, அவ்வளவுதான். வெறும் முதுகு நனைந்தாலே பாதி ஆடுகள் உதறும். இது அந்தப் பாதியில் இல்லை.

பங்காளிகள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். "அடுத்தவன் கெடாவ வாங்கிக்கிட்டு, இவனுதுக்கு மூஞ்சியத் திருப்பிக்கிச்சே." அக்கா பொங்கல் பானையைக் கிளறுவதை நிறுத்திவிட்டாள். மச்சான் கெடாவைப் பார்த்த பார்வையைப் பார்த்தால், அவரை நம்பிக்கை இல்லாதவர் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கெடா துளுக்காவிட்டால் எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. பூசாரி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "சாமிக்கு என்னமோ மனக்கொற. யாராச்சும் எதையாச்சும் மறச்சு வச்சிருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க."

சித்தப்பா முன்னால் வந்தார். அவரும் பெரியப்பாவும் ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். "மொறத் தண்ணில நானு அரமணி நேரம் சேத்தி எடுத்துக்கிட்டிருக்கறேன். ஒரு நா ரெண்டு நாளில்லீங்க. ரெண்டு வருசமா."

"எனக்குத் தெரியும்டா," என்றார் பெரியப்பா. "அதுக்கோசரந்தான் உன்ற காட்டுச் சோளத்தட்ட அறுத்து என்ற மாட்டுக்குப் போட்டுக்கிட்டிருக்கறேன்."

"அந்த வேல நீதானா?"

"பின்ன, மாடே வந்து அறுத்துதா?"

கூட்டம் சிரித்தது. கெடா மென்றது. இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்றார் பூசாரி. அப்போது என் அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"பையன் பழனிக்கு நடந்து போறான்னு எல்லாத்துக்கிட்டயும் சொன்னனுங்க. போறதில்லீங்க. அவனுக்குச் சாமி நம்பிக்கையே கெடையாது."

முப்பது தலையும் ஒரே நேரத்தில் மச்சான் பக்கம் திரும்பின. மச்சானுக்கு, தான் பழனிக்குப் போய்வருவதே அப்போதுதான் தெரியும். "அத்த..." என்று ஆரம்பித்தார்.

"அப்ப அதான் சாமி வேண்டாங்குது!" என்றார் பெரியப்பா. பூசாரியும் தலையை ஆட்டினார். அப்பா சட்டைப் பையில் இருந்த தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்பா ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தார். அதை அவர் தோளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அக்கா என் பக்கத்தில் வந்து, காதோடு சொன்னாள். "உன்ற படிப்புல ஏதாச்சும் வழி இருந்தாப் பண்ணுடி. இந்த ஒருக்கா மட்டும்."

வழி இருந்தது. தடவிக் கொடுக்கிற மாதிரி போய், யாருக்கும் தெரியாமல் பஞ்சை உருவிவிடலாம். இரண்டு வினாடி வேலை. கெடா துளுக்கும், எல்லோரும் கும்பிடுவார்கள், கல்யாணம் நடக்கும். நான் இரண்டு அடி எடுத்தும் வைத்தேன். பூசாரி அந்த நேரம் பார்த்து, "இன்னும் யாரோ மறைக்கறீங்க" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார். எத்தனையோ வாய்மொழித் தேர்வில் தெரியாததைத் தெரிந்த மாதிரி அடித்துவிட்டவள் நான். அங்கே முடியவில்லை.

"நாந்தாங்க" என்றேன். "கெடா காதுல பஞ்சு வச்சிருக்கறேன்."

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பஞ்சா? என்னத்துக்கு? ஆட்டுக்குக் காது வலியா? அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. மச்சான், "ஒண்ணுக்கு வச்சீன்னா ரெண்டுக்கும் வக்கணும்ல?" என்றார். அந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் கவலை.

"அது முட்டுச்சு மச்சான்."

அப்பாதான் போய்க் கெடாவின் தலையைப் பிடித்தார். வலது காதில் விரலை விட்டுப் பஞ்சை எடுத்தார். இடது காதிலிருந்து எடுத்ததுதான் தெரியும், கெடா அப்பாவையும் தள்ளிக்கொண்டு, அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்து ஒரு துளுக்கு துளுக்கியது பாருங்கள், முன்வரிசையில் இருந்த அத்தனை பேரும் நனைந்துவிட்டார்கள். மணி அடித்தது. பெரியப்பா சித்தப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி ஊத்தாமயே துளுக்குதே, இது செல்லுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஊத்துன ஈரம் இன்னும் காயலீல்ல? செல்லும்" என்றார் பூசாரி. "அந்தப் புள்ள வாயால சாமிதான் சொல்ல வச்சுது. வேறென்ன வேணும்?"

நான் கீழே கிடந்த பஞ்சைப் பொறுக்கிக்கொண்டேன். மறுத்துப் பேசுகிற நிலைமையில் நான் இல்லை.

அப்பா வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மச்சானிடம் வந்தார். "இப்ப என்ன சொல்றே தம்பி? நம்பறியா?"

அக்கா மச்சானைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள். ஆமாங்க என்று ஒரு வார்த்தை போதும்.

"இல்லீங்க மாமா," என்றார் மச்சான். "காதுல இருந்து பஞ்ச உருவுனா நானே துளுக்குவனுங்க. அந்தக் கெடாவும் துளுக்குச்சு, இந்தக் கெடாவும் துளுக்குச்சு. நான் எழுதிக் குடுத்தபடி பாத்தா இதுல ஒண்ணும் நிக்கல."

அப்பா பையிலிருந்து தாளை எடுத்தார். மஞ்சள் தண்ணீர் பட்டு எழுத்தெல்லாம் கரைந்திருந்தது. அதை அவர் கையிலேயே கொடுத்தார். "இது உன்ற சீட்டு, நீயே வச்சுக்க. உன்ற கேள்விக்குச் சாமி பதில் சொல்லல. என்ற கேள்விக்குச் சொல்லிருச்சு. நானு நம்பறவன். குடுக்கலாமான்னு கேட்டேன், குடுன்னுருச்சு. ஆவணியில முகூர்த்தம் பாக்கலாம்."

மச்சானுக்குப் புரியச் சில வினாடி ஆனது. தான் ஒத்துக்கொள்ளாத ஆதாரத்தின் பேரில் தனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா? துளுக்கலீன்னா?"

"குடுத்திருக்க மாட்டேன்" என்றார் அப்பா, கொஞ்சம்கூட யோசிக்காமல்.

அக்கா பானையிடம் திரும்பிப் போய், அடிப்பிடித்த பொங்கலை அழுதுகொண்டே கிளறினாள். சிரித்துக்கொண்டும்தான். அவளுக்கு இரண்டும் ஒன்றாக வரும்.

மிச்சம் இருந்தது மேச்சேரிக் கெடா. மணிச் சத்தம் கேட்டு அதற்குள் பக்கத்துத் தோட்டத்து அக்காவே வந்துவிட்டார். "நிக்கறதுக்குன்னுதான அம்முணி ஓட்டிக்கிட்டுப் போனே? இதென்ன அக்குறும்பு!" நான் அப்பா முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்பா அவரிடம் மன்னிப்புக் கேட்டார். பூசாரியும் பெரியப்பாவும் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கெடா சாமிக்கு ஆகிவிட்டது, ஆனால் சாமி அதை உயிரோடு வைத்துக்கொள்ளட்டும். கழுத்தில் மணி கட்டி விட்டுவிடலாம். வெட்டக் கூடாது, விற்கக் கூடாது. மற்றபடி அந்த அக்கா பட்டியிலேயே இருக்கட்டும். "பொலிக்கு விடலாமில்ல?" என்று அவர் கேட்டார். "அதுக்குச் சாமி ஒண்ணுஞ் சொல்லாது" என்றார் பூசாரி.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மச்சான் தாலி கட்டும்போது மந்திரத்தை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், விபூதி மட்டும் பூசவில்லை. அப்பாவும் தட்டை நீட்டவில்லை.

போன மாதம் இரண்டு பேரும் விருந்துக்கு வந்திருந்தார்கள். நாங்கள் கையைக் கழுவப் போன நேரத்தில் எங்கள் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டுக்குள் மணிச் சத்தம். சாமிக் கெடா உள்ளே புகுந்து, பச்சைத் தழையைக் கடித்துக்கொண்டிருந்தது. இங்கே எல்லோருக்கும் தெரியும், அந்தத் தழையில் விஷம் உண்டு, வயிறு முட்டத் தின்ற ஆடு பிழைக்காது. அதனால்தான் அதைக் காயவைத்துப் போடுவார்கள்.

அப்பா கையைத் துடைக்காமலேயே மச்சானைக் கூப்பிட்டார். "பாத்தியா மாப்ள? ஒரு மாசமா தெனம் வந்து தின்னுக்கிட்டிருக்கறான். வேற ஆடா இருந்தா இந்நேரம் காலம் முடிஞ்சிருக்கும். இவனுக்கு ஏதாச்சும் ஆச்சா?"

"ரெண்டு வாய் தின்னுட்டு வேற காட்டுக்குப் போயிருதுங்க மாமா. கொஞ்சமாத் தின்னா ஒண்ணும் ஆகாது. உங்க டாக்டரயே கேளுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கெடாவைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து அது இரண்டு வாய்க்கு மேலேயே தின்றிருந்தது. ஆனால் எத்தனை நாளைக்கு எவ்வளவு தின்கிறது என்று எழுதி வைக்காமல் நான் ஒன்றும் சொல்வதாக இல்லை. ஒரு தடவை பட்டது போதும்.

"அப்ப எவ்வளவு தின்னா நம்புவே?" என்றார் அப்பா. "எழுதிக் குடு."

மச்சான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான் தாள் தேடினேன்.

"சோறு ஆறுது!" என்று உள்ளேயிருந்து அக்கா கத்தினாள். "எழுதறவங்க எழுதீட்டே இருங்க. கறி தீந்து போச்சுன்னா என்னயக் கேக்கக் கூடாது."

மூன்று பேரும் உள்ளே போனோம். பேனா மட்டும் காட்டு வேலிமேல் இருந்தது.